ஹாலோவா, சாலிட்டா, மலைக்கல்லா: கன்னங்குறிச்சியில் ஒரு மேட்டுப்பாத்தி, நாகலூரில் ஒன்று

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் 'ணங்' என்று சத்தம் வரும். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுக்கான் கல். அந்த ஒரு சாணிலும் பாதி, வீடு கட்டியபோது மிஞ்சிய கலவைக் கட்டியும் செங்கல் உடைசலும்தான். இரண்டு வருடம் அதிலேயே கீரை தூவிப் பார்த்தேன். இனிக் கீழே தோண்டிப் பிரயோஜனம் இல்லை, மேலே எழுப்ப வேண்டியதுதான் என்று தோன்றியது. நாலு பக்கமும் கட்டி, நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பும் மேட்டுப்பாத்தி.

விஷயம் காதுக்குப் போனதும் என் சின்ன மாமா போன் செய்தார். "மாப்ள, உங்கத்தைக்கும் ஒன்னு கட்டிக் குடுத்துட்டுப் போயேன். பீன்ஸ் போடணும்னு ஒரு வருசமா சொல்லிட்டே இருக்கா." மாமா வீட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காடு தாண்டி நாகலூர்ப் பக்கம் போக வேண்டும். கட்டப் போவது ஒரே ஆள், அளவும் 8 அடிக்கு 4 அடி, அதேதான். கீழே போட்ட கணக்கை அப்படியே மேலே கொண்டுபோய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அது அங்கே செல்லவில்லை.

எதை வைத்துக் கட்டுவது என்று யோசித்தபோது சிலவற்றைப் பேச்சளவிலேயே கழித்துவிட்டோம். மரப்பலகை பார்க்க அழகு. ஏற்காட்டில் சில்வர் ஓக் பலகை சல்லிசாகவும் கிடைக்கும். ஆனால் ஈரமண்ணை ஒட்டி நிற்கும் சில்வர் ஓக்குக்கு ஆயுசு இரண்டு மூன்று மழைக்காலம். சேலத்தில் மக்குவதற்குள் கறையான் முந்திக்கொள்ளும். தகர ஷீட்டை ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயிலில் யோசித்துப் பார்க்கவே வேண்டாம். ஏஏசி பிளாக் என்கிற எடை குறைந்த வெள்ளைக் கல்லை ஒருவர் சிபாரிசு செய்தார். ஒரே கையால் தூக்கலாம் என்பது உண்மைதான். பூச்சு இல்லாமல் நாள் முழுக்க ஈரத்தில் வைத்தால் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி, ஓரம் ஓரமாக உதிரும். அது சுவருக்கு வந்த சாமான், பாத்திக்கு அல்ல.

செங்கல் கொஞ்ச நேரம் போட்டியில் இருந்தது. 16 அங்குல உயரத்துக்கு நாலரை அங்குலச் சுவராக எழுப்பினால் 130 கல் பக்கம் வரும். கல்லுக்கு 9 ரூபாய் வைத்தால் 1,170. அதோடு நிற்காது: சிமெண்ட், மணல், மேஸ்திரி கூலி, சித்தாள் கூலி. கலவை இல்லாமல் செங்கல்லை அடுக்கிவைத்தால் மண்ணின் தள்ளலுக்கு ஒரு வாரம் தாங்காது. வேகாத கல் நாலு கலந்து வந்திருந்தால், ஈரம் பட்டு அதே இடத்தில் கரையும். ஃபிளை ஆஷ் கல் இன்னும் மலிவு. மேட்டூர் அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் நம் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், போரான் போன்றவை சிறு அளவில் இருக்கும். கல்லாக இறுகிய பிறகு அதில் பெரும்பகுதி உள்ளேயே கட்டுண்டுவிடும் என்பதால் வீட்டுச் சுவருக்கு நான் யோசிக்க மாட்டேன். தினம் கிள்ளிச் சமைக்கிற கீரைக்குப் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. இது என் தயக்கம், அவ்வளவுதான். ஃபிளை ஆஷ்தான் கட்டுப்படியாகும் என்பவர்கள் உள்பக்கம் கனமான பிளாஸ்டிக் ஷீட் கொடுத்துக் கட்டலாம்.

ஆக மிஞ்சியது கான்கிரீட் பிளாக். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. சேலத்தில் எந்தப் பிளாக்கைப் போட்டுத் தரும் பட்டறைக்கும் போர்டு 'ஹாலோ பிளாக்' என்றுதான் இருக்கும். உள்ளே போனால் அடுக்கி வைத்திருப்பது முக்கால்வாசி சாலிட். போனில் "ஹாலோ பிளாக் அம்பது அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு இருந்தால் சாலிட் வந்து இறங்கும். "ஓட்டை வச்சதுங்களா, ஓட்டை இல்லாததுங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் நான் வாங்கியது ஓட்டை இல்லாத நாலு இஞ்சு சாலிட். நீளம் 16, உயரம் 8, கனம் 4 அங்குலம். ஒரு கல் பதினேழு, பதினெட்டு கிலோ. 8க்கு 4 அடிப் பாத்திக்கு ஒரு வரிசைக்கு 17 கல் வேண்டும்: நீளப் பக்கம் ஆறு ஆறாகப் பன்னிரண்டு, குறுக்கே இரண்டரை இரண்டரையாக ஐந்து. அந்த 'அரை' இருக்கிறதே, அதுதான் தொல்லை. வரிசைக்கு ஒரு கல்லை நடுவில் வெட்ட வேண்டும். நான் சுத்தியலால் தட்டியதில் ஒன்று மூன்றாகப் போனது. கட்டர் வாடகைக்கு எடுத்து மீதியை முடித்தேன். இரண்டு வரிசைக்கு 34 கல், 32 ரூபாய் வீதம் 1,088. கலவை எதுவும் போடவில்லை; இரண்டு வரிசைதானே, எடையே பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பு.

அக்டோபர் மழை வரைக்கும் பிடித்துத்தான் நின்றது. காய்ந்த மண் சும்மா உட்கார்ந்திருக்கும், ஊறிய மண் வெளியே தள்ளும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. நாலு அங்குலக் கனத்தில் நிமிர்ந்து நிற்கும் கல்லை அது எவ்வளவு சுலபமாகத் தள்ளும் என்பதுதான் தெரியவில்லை. மூன்று நாள் மழையில் நீளப் பக்கத்தின் நடுப்பகுதி வயிறு தள்ளியது. நாலாம் நாள் காலை போய்ப் பார்த்தால் மேல்வரிசையில் மூன்று கல் கீழே. ஒன்று விழுந்த இடத்தில் தண்ணீர்க் குழாயின் எல்போ நொறுங்கியிருந்தது. கத்தரிச் செடி இரண்டு வேரோடு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஓர் அங்குலம் மண்ணுக்குள் இறக்கிக்கூட நான் வைக்கவில்லை.

இரண்டாவது முறை எட்டு இஞ்சு ஹாலோ. 16க்கு 8க்கு 8. கல் இருபது கிலோ பக்கம், விலை 48. பார்த்தவுடனே கூடுதல் செலவாகத் தெரியும். ஆனால் இந்த அளவுக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது, அடுக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முதல் வரிசையில் நீளப் பக்கத்தில் ஆறு ஆறு கல். அவற்றுக்கு நடுவே குறுக்காக இரண்டு இரண்டு. மொத்தம் 16. இரண்டாம் வரிசையில் மாற்றிப் போட வேண்டும்: குறுக்கே மூன்று மூன்று கல் முழுசாக, நீளத்தில் ஐந்து ஐந்து. அதுவும் 16. ஒரு கல்லைக்கூட வெட்ட வேண்டாம். மூலைகள் ஒன்றின் மேல் ஒன்று தானாகப் பூட்டிக்கொள்கின்றன. நீளப் பக்கத்தில் மேல்கல் ஒவ்வொன்றும் கீழே இருக்கும் இரண்டு கல்லின் சந்தில் சரிபாதியாக உட்காருகிறது. ஓட்டைகளும் மேலும் கீழும் நேர்க்கோட்டில் வந்துவிடுவதால், மூலைக்கு ஒன்றும் நீளப் பக்கங்களின் நடுவில் ஒன்றுமாக ஆறு இடத்தில் பத்து எம்எம் கம்பியை இறக்கித் தரைக்குள் ஓர் அடி அடித்துவிட்டேன். கலவை இல்லை, மேஸ்திரி இல்லை. 32 கல், 1,536 ரூபாய். அதற்குப் பிறகு வந்த மழைக்கு ஒரு நூல்கூட நகரவில்லை.

இதற்குக் கொடுத்த விலை இடம். கனம் இரண்டு மடங்கு என்பதால் உள்ளே பயிர் வைக்கும் பரப்பு 24 சதுர அடியிலிருந்து 18 சதுர அடிக்குச் சுருங்கிவிடுகிறது. கால்வாசி போயிற்று. ஆனால் நிரப்ப வேண்டிய மண்ணும் அதே விகிதத்தில் குறையும். சாலிட் பாத்திக்கு 32 கன அடிக்கு மேல் மண் கேட்டது, ஹாலோவுக்கு 24 போதும். பாத்தி போட்டவர்களுக்குத்தான் தெரியும், கல்லைவிட உள்ளே போகிற சாமான்தான் பணத்தைத் தின்னும். செம்மண் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடியாகத்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். தொழு உரமும் நார்க்கழிவும் தனி. நான் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தொழு உரம், ஒரு பங்கு நார்க்கழிவு என்று கலந்தேன்.

ஓட்டைகளில் ஏதாவது நடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 32 குழி கிடைக்கிறதே என்று எனக்கும் ஆசைதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பட்டறைகளில் ஹாலோ பிளாக்கை ஒரு பக்கம் மூடியே வார்க்கிறார்கள். சுவர் கட்டும்போது கலவை உள்ளே விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதை மூடின பக்கம் கீழே வருமாறு வைத்தால் ஏழங்குல ஆழத்துக்கு வடிகால் இல்லாத தொட்டிதான் கிடைக்கும், செடி அழுகும். கம்பியும் இறங்காது. இரண்டு பக்கமும் திறந்த கல் என்று கேட்டு வாங்க வேண்டும். குழியை வெறுமனே விடவும் கூடாது. பூரானும் தேளும் குடியேறிவிடும். எங்கள் வீட்டில் முதலில் குடிவந்தது நத்தை.

குழியில் நட்டதில் ஒரு பாடம் கிடைத்தது. நாலு பக்கமும் புதினாவே ஊன்றியிருந்தேன். கிழக்குப் பக்கம் கொழுகொழுவென்று வந்தது. மேற்குப் பக்கம் மார்ச் கடைசியில் கருகிப்போனது. ஏப்ரலில் ஒரு நாள் மூன்று மணி வாக்கில் அந்த மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். சேலத்தில் கான்கிரீட்டுக்கு இருக்கும் பெரிய குறை இந்தச் சூடுதான். ஓரத்து வேர் வெந்துபோகும். இப்போது மேற்கு வரிசை முழுக்கச் சோற்றுக்கற்றாழையும் கற்பூரவல்லியும். பாத்தி மேல் கரும்புச் சோகை மூடாக்கு. மேற்கே ஒரு பச்சை நிழல்வலை. இந்த விஷயத்தில் சாலிட் ஹாலோவைவிட மோசம். நாலு அங்குலக் கல் வழியாக வெயில் நேராக உள்மண்ணுக்கு இறங்குகிறது, ஹாலோவில் குழிமண் நடுவில் ஒரு திரை மாதிரி நிற்கிறது.

அடுத்தது சுண்ணாம்பு. சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்புச் சத்து உண்டாகிறது. புதுக் கல்லில் தண்ணீர் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் அதுதான். காற்றுப் படப் பட அது இறுகி வீரியம் குறையும். ஆகவே பழைய கல்லால் பெரிதாகத் தொந்தரவு இல்லை. நல்ல மண்ணில் புதுக் கல்லின் பாதிப்புகூட ஓரத்தில் ஒரு விரற்கடையோடு நின்றுவிடும்.

சேலத்துக்குப் பிரச்சினை, நம் மண் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதுதான். ஓமலூர்ப் பக்கம் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரட்டைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பேர் வைத்தார்கள். அது சாக்பீஸ் சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். சேர்வராயன் மலை அடிவாரம் பூராவும் மண் ஒரே மாதிரி இல்லை என்றாலும், என் கொல்லை மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை 8.3 வந்தது, அதாவது காரம் தூக்கல். போர்த்தண்ணீரும் உப்புத் தண்ணீர். இதன் மேல் புதுப் பிளாக்கின் சுண்ணாம்பும் சேர்ந்தால் செடிக்கு இரும்புச் சத்து எட்டாது. முதல் பாத்தியில் ஓரத்து வெண்டைக்கு அதுதான் நடந்தது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டது போல் நின்றது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் அடித்தேன், பத்து நாளில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. பழி முழுவதையும் பிளாக்கின் தலையில் போட மாட்டேன், தண்ணீருக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் இரண்டாவது முறை வாங்கிய கல்லை ஒரு மாதம் வெளியில் போட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். உள்பக்கம் பழைய உரச்சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டேன். அடியில் மட்டும் சாக்குப் போடவில்லை, அங்கே கோழிவலை. இல்லாவிட்டால் பெருச்சாளி கீழிருந்து வரும்.

இப்போது மாமா வீடு. மேலே உள்ள மண் நேர் எதிர். நல்ல மழை வாங்கிச் சுண்ணாம்பெல்லாம் கழுவிப்போன செம்மண். மாமாவுடைய மண் 5.6 காட்டியது, அமில மண். காப்பித் தோட்டத்துக்காரர்கள் காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கி மண்ணில் தூவுகிற ஊர் அது. கீழே நான் பயந்து சாக்குப் போட்டு மறைத்த அதே சுண்ணாம்பு அங்கே பீன்ஸுக்கு நல்லது. சூடும் அப்படித்தான். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவுக் குளிரில் மெல்ல விட்டால் விதை முளைக்கக் கூடுதல் தெம்பு. ஆக, ஏற்காட்டுக்குத்தான் கான்கிரீட் பிளாக் பொருத்தம் என்று தாளில் எழுதிவிடலாம்.

எழுதிவிட்டுத்தான் வண்டி வாடகை விசாரித்தேன். 32 கல்லுக்காக மட்டும் சேலத்திலிருந்து வண்டி ஏற்றினால் கல்லின் விலையைவிட வாடகை அதிகம். வளைவுக்கு வளைவு குலுங்கி, ஓரம் உடைந்து போய்ச் சேருவது வேறு. அது போகட்டும் என்றாலும் மாமாவின் இடம் சரிவு. மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நாலு அடி அகலத்தில் ஒன்றேகால் அடி வித்தியாசம். அளவெடுத்துச் செய்த பிளாக் சமதரையைக் கேட்கும். சரிவை வெட்டிச் சமன் செய்து, கீழ்ப்பக்கம் மூன்று வரிசை எழுப்பி, கலவை போட்டு, நடுவில் தண்ணீர் வடிய வழி விட்டு... பாத்தி போய்த் தடுப்புச்சுவர் வேலையாகிவிடும்.

கல் அங்கேயே கிடந்தது. காப்பிச் செடிக்குக் குழி எடுத்தபோது ஒதுக்கிப் போட்ட கல், தோட்டத்து மூலையில் பாசி பிடித்து ஒரு குவியல். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட், நல்ல கெட்டி. அது தண்ணீரில் கரைந்து மண்ணை இப்படியோ அப்படியோ மாற்றப்போவதில்லை. அடுக்கத் தெரியாமல் நான் பெரிய கல்லாகப் பார்த்து, அகன்ற முகம் வெளியே தெரிய நிற்கவைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். "நீளத்த மண்ணுக்குள்ள விடுங்க சாமி. மூஞ்சி வெளிய தெரிஞ்சாப் போதும்." நான் நிறுத்தியிருந்த கல்லை எல்லாம் அவரே படுக்கவைத்தார். ஒவ்வொரு வரிசையும் மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உள்வாங்கி வந்தது. சந்துகளில் சில்லுக்கல் செருகினார், கலவை இல்லை. மழைத்தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே கசிந்து போய்விடும். கீழ்ப்பக்கமும் இரண்டு ஓரமும் மட்டும்தான் கட்டு. மேல்பக்கம் மலையே சுவர். ஒன்றரை நாள் கூலி, அத்தோடு முடிந்தது. பாத்தி நேர்க்கோடாக இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அத்தைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காட்டு மாடு வந்தால் எந்தக் கட்டும் நிற்காது என்று மாமா சொல்கிறார், அதுவும் சரிதான்.

ஆக என் கணக்கு இது. சேலத்தில் தரையில் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் திறந்த எட்டு இஞ்சு ஹாலோவுக்குப் போங்கள். சொந்த வீடு, மேஸ்திரி வைத்துக் கலவை போட்டுக் கட்ட வசதி உண்டு, இடம் குறுகல் என்றால் சாலிட் நாலு இஞ்சு சரி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஹாலோவை விட்டால் வேறு வழியே சொல்ல மாட்டேன்: காலி செய்யும்போது கம்பியைப் பிடுங்கிக் கல்லை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். மலையில் சரிவில் இருப்பவர்கள் காலடியில் கிடக்கும் கல்லைப் பார்த்துவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போன் செய்யுங்கள். சமதரை முற்றம் இருந்து, வேறு ஏதோ வேலைக்கு வண்டி வருகிறது என்றால் அதில் பிளாக்கும் ஏற்றிக்கொள்ளலாம். கழுவவும் வேண்டாம், சாக்கும் வேண்டாம்.

மாடியில் இதைக் கட்டலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கட்டவே கூடாது. ஈரமண்ணும் கல்லுமாகச் சாலிட் பாத்தி ஒன்று இரண்டு டன் பக்கம் வரும், சதுர மீட்டருக்கு 650 கிலோவுக்கு மேல். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகப் போடும் பளுக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடிக்கு குரோ பேக்கும் நார்க்கழிவும்தான்.

வாங்கப் போகும்போது இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். சாவியால் ஓரத்தைச் சுரண்டினால் பொடியாகக் கொட்டக் கூடாது. எப்போது வார்த்தது, எத்தனை நாள் தண்ணீர் விட்டது என்று கேளுங்கள். பதினாலு நாளாவது ஊறியிருக்க வேண்டும். சாம்பல் கலந்ததா, கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது வரும் தூள்) மட்டுமா என்றும் கேட்டுவிடுங்கள், கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

என் பழைய சாலிட் 34ல் மூன்று உடைந்தது போக 31 மிஞ்சியது. அதில் பத்து, துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் மேடையாகிவிட்டது. மீதியை மாமா கேட்டிருக்கிறார், கோழிக் கூண்டுக்கு. அடுத்த முறை கார் எடுத்துக்கொண்டு போகும்போது டிக்கியில் நாலு நாலாகக் கொண்டுவரச் சொல்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.